கொண்டோமார் பிரபு: லண்டனில் இருந்த ஸ்பானியத் தூதர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொண்டோமார் என்பவர் யார்?

முழுப் பெயர் தியேகோ சர்மியெந்தோ தெ அகூன்யா. 1567 நவம்பர் 1-ஆம் தேதி பிறந்தவர். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியாவிலும், பழைய காஸ்தில் பகுதியிலும் நிலபுலன் வைத்திருந்த பிரபு குடும்பம். 1613 முதல் 1618 வரையிலும், பிறகு 1620 முதல் 1622 வரையிலும் லண்டனில் ஸ்பெயினின் தூதராக இருந்தார். முதல் தடவை லண்டனில் இருந்தபோதே, 1617-இல், கொண்டோமார் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. வரலாற்றில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவர் காலத்து லண்டன்வாசிகளிடம் கேட்டிருந்தால், இங்கிலாந்தை ஆட்டிவைத்த சூழ்ச்சிக்காரர் என்று சொல்லியிருப்பார்கள். இந்தப் பக்கத்தை எழுதுவதற்கு அந்தப் பேர்தான் காரணம். அவர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆட்டிவைத்தார் என்பது பெரும்பாலும் பயத்தில் பிறந்த கதை. எங்கே உண்மை முடிந்து கதை தொடங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லண்டனுக்குப் போவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

கடற்கரைக் காவல், நகர நிர்வாகம், கணக்கு வழக்கு. கேட்க சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனால் பின்னால் கைகொடுத்தவை இவைதான்.

அப்பா இறந்த பிறகு சொத்து இவர் கைக்கு வந்தது. 1583-இல், இன்னும் பையனாக இருக்கும்போதே, போர்ச்சுகல் எல்லையையும் கலீசியக் கடற்கரையையும் காக்கும் பொறுப்பை இரண்டாம் பிலிப் அரசர் கொடுத்தார். 1585-இல் ஆங்கிலேயக் கப்பல்கள் அந்தக் கரையைத் தாக்க வந்தபோது விரட்டியவர்களில் இவரும் ஒருவர் என்கிறார்கள். கடல் வழியாக வரும் ஆங்கிலேயன் எப்படிப்பட்டவன் என்பதை இவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வீட்டு வாசலில் பார்த்தார்.

1593-இல் தோரோ நகரத்துக்கு ஆட்சியராக நியமிக்கப்பட்டார். பிறகு வயதோலித் நகரத்துக்கும். அரசவை 1601 முதல் 1606 வரை மாட்ரிட்டை விட்டு வயதோலித்தில் இருந்ததால், அங்கே ஆட்சியராக இருப்பது என்பது அரசரின் கண் முன்னாலேயே ஊரை நிர்வகிப்பது. 1603-இல் அமெரிக்காவிலிருந்து செல்வம் ஏற்றி வந்த இரண்டு கப்பல்கள் விகோ துறைமுகத்தில் ஒதுங்கியபோது, சரக்கு பத்திரமாகப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேருகிறதா என்று மேற்பார்க்க இவரை அனுப்பினார்கள். திரும்பியதும் நிதிச் சபையில் இடம். 1609-இல் மறுபடி கலீசியக் கரையில் டச்சுக்காரர்களுக்கு எதிராக. ஆக, தூதராகப் போகும்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. ஊர் நிர்வாகமும் கடலும் காசும் தெரிந்த ஆள்.

அப்போது இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் இடையே நிலைமை எப்படி?

1604-இல் லண்டன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஏறத்தாழ இருபது ஆண்டுப் போர் முடிந்திருந்தது. காகிதத்தில் சமாதானம். நடைமுறையில், ஆங்கிலேயக் கப்பல்கள் அமெரிக்கப் பக்கம் மூக்கை நுழைத்தபடியே இருந்தன. ஸ்பெயினை எதிர்த்த ஹாலந்தின் கிளர்ச்சிக்காரர்கள் மீது ஆங்கிலேயருக்கு அனுதாபம். கத்தோலிக்க மதத்தின் மீது பெரும்பாலான மக்களுக்கு வெறுப்பு. ஸ்பெயினோ நாலா பக்கமும் படையை வைத்துக்கொண்டு கடனில் தத்தளித்தது. இங்கிலாந்து மறுபடி எதிரியானால் அதற்குத் தாங்காது. இங்கிலாந்தைச் சும்மா இருக்க வைப்பதுதான் லண்டன் தூதருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

ஒரு சின்னத் தகவலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1580 முதல் 1640 வரை ஸ்பெயின் அரசரே போர்ச்சுகலுக்கும் அரசர். 1619-இல் யாழ்ப்பாண அரசைப் போர்ச்சுகீசியர் பிடித்தபோது, அது போய்ச் சேர்ந்தது கொண்டோமாரின் எஜமானர் மூன்றாம் பிலிப்பின் முடியாட்சியில்தான். ஸ்பெயினுக்கு எத்தனை திசையில் கவலை இருந்தது என்பதை நாம் புரிந்துகொள்ள இதுவே போதும்.

அந்தக் காலத்தில் தூதரின் அன்றாட வேலை என்ன?

எழுதுவதுதான் முதல் வேலை. யார் யாரைச் சந்தித்தார்கள், அரசர் வேட்டைக்குப் போன இடத்தில் என்ன சொன்னார், எந்தக் கப்பல் எந்தத் துறையில் சரக்கு ஏற்றுகிறது என்று எல்லாவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும். முக்கியமான பகுதிகள் சங்கேத எழுத்தில் போகும். கடிதம் மாட்ரிட் போய் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். எனவே அவசரமான விஷயத்தில் உத்தரவுக்குக் காத்திருக்க முடியாது. தூதரே முடிவெடுத்துவிட்டு, பிறகு நியாயம் எழுத வேண்டியதுதான்.

அப்புறம் செலவு. அரசரின் பிரதிநிதி என்றால் அதற்கேற்ற வீடு, வேலையாட்கள், விருந்து எல்லாம் இருக்க வேண்டும். மாட்ரிட் அனுப்பும் பணமோ நேரத்துக்கு வராது. பிரபு குடும்பத்து ஆட்களையே தூதராக அனுப்பியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தஸ்து இருக்கும், கையிருந்து போடவும் முடியும்.

ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தேதிகள் இருக்கின்றனவே, ஏன்?

ஸ்பெயின் 1582-இலேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. இவர் காலத்தில் வித்தியாசம் 10 நாள். கீழே லண்டன் நிகழ்ச்சிகளுக்கு ஆங்கிலேயத் தேதியையே கொடுத்திருக்கிறேன்.

போர்ட்ஸ்மவுத்தில் நடந்த கொடி விவகாரம் என்ன?

1613-இல் அவர் வந்து இறங்கிய அன்றே நடந்தது. தங்கள் கடலில் வரும் எந்தக் கப்பலும் ஆங்கிலேய அரசக் கப்பலைக் கண்டால் கொடியை இறக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் பிடிவாதம். தூதரைக் கொண்டுவந்த ஸ்பானியக் கப்பல்களுக்கும் அதே கட்டளை. இறக்காவிட்டால் சுடுவோம் என்றார்கள்.

இவர் மறுத்தார். அரசருக்கு ஒரு கடிதம் எழுதப் பொழுது கொடுங்கள் என்று கேட்டு, இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸுக்கே நேரடியாக ஆள் அனுப்பினார். கொடியை இறக்கச் சொன்னால் கப்பலோடு மூழ்கவும் தயார் என்பதுதான் செய்தியின் சாரம். ஜேம்ஸ் விட்டுக்கொடுத்தார், கொடி இறங்கவில்லை.

வந்த முதல் நாளே இப்படி முரண்டு பிடித்தால் காரியம் கெட்டுவிடும் என்று வேறொருவர் பயந்திருப்பார். இவர் கணக்கு வேறு. ஜேம்ஸ் சண்டையை விரும்பாத மனிதர் என்பதை வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார். அதே நேரத்தில், கப்பல் தலைவனோடு வாதாடாமல் அரசரின் கையிலேயே முடிவை விட்டார். மிரட்டலும் மரியாதையும் ஒரே கடிதத்தில் போயின. அடுத்த பத்து வருடமும் அவர் இதே வழியில்தான் போனார்.

ஜேம்ஸ் அரசருக்கு இவரை ஏன் அவ்வளவு பிடித்தது?

பேச்சுத் துணை, அதுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். ஜேம்ஸ் நிறையப் படித்தவர், தன் படிப்பைக் காட்டிக்கொள்ள ஆசைப்படுபவர், வேட்டைப் பைத்தியம். சுற்றியிருந்த பிரபுக்களில் பலருக்கு ஏதாவது பதவியோ நிலமோ வேண்டும். கொண்டோமாருக்கும் காரியம் ஆக வேண்டும்தான், ஆனால் அவரோடு புத்தகம் பேசலாம், சிரிக்கலாம், வேட்டைக்குப் போகலாம்.

ஒரு பழைய கதை உண்டு. இவர் லத்தீனில் பேசும்போது இலக்கணப் பிழை வந்ததைக் கேட்டு அரசர் சிரித்தாராம். அதற்கு இவர், "தாங்கள் வாத்தியாரைப் போல லத்தீன் பேசுகிறீர்கள், நான் கனவானைப் போலப் பேசுகிறேன்" என்றாராம். இலக்கணச் சுத்தத்தில் பெருமைப்படும் அரசரிடம் அந்தப் பெருமையையே ஒப்புக்கொடுத்துவிட்டு, சிரிக்கவும் வைத்துவிட்டார்.

1614-இல் கூடிய பார்லிமென்ட் இரண்டே மாதத்தில், ஒரு சட்டமும் இயற்றாமல் கலைக்கப்பட்டது. அதன் பிறகு, ஸ்காட்லாந்திலிருந்து வந்து இங்கிலாந்தின் அரசரான ஜேம்ஸ் மனம் விட்டுப் புலம்பியது இந்தத் தூதரிடம்தான். பார்லிமென்ட்டின் கீழவையான காமன்ஸ் சபை தலையில்லாத உடம்பு, இப்படி ஒன்றை என் முன்னோர்கள் எப்படி அனுமதித்தார்களோ, நான் வெளியூரிலிருந்து வந்தவன், வரும்போதே இது இங்கே இருந்தது, சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்கிற பொருளில் அரசர் பேசியதைத் தூதர் அப்படியே மாட்ரிட்டுக்கு எழுதிவிட்டார். ஒரு நாட்டின் அரசர் தன் சொந்தச் சபையைப் பற்றி அந்நிய நாட்டுத் தூதரிடம் இப்படிப் பேசுகிறார் என்றால், அந்தத் தூதருக்கு வேறு ஒற்றன் எதற்கு!

ஆங்கிலேய அதிகாரிகளைப் பணம் கொடுத்து வாங்கினார் என்கிறார்களே?

ஸ்பெயின் பணம் கொடுத்தது உண்மை. ஆனால் அந்த ஏற்பாடு இவருக்கு முன்பே, 1604 சமாதானத்தை ஒட்டியே தொடங்கியது. அரசவையின் பெரிய பெயர்கள் பல அந்தப் பட்டியலில் இருந்தன. முதன்மை அமைச்சராக இருந்த ராபர்ட் செசில், நார்த்தாம்டன் பிரபு, சஃபோக் பிரபுவின் மனைவி, கடற்படைத் தளபதி வில்லியம் மான்சன் ஆகியோரும் அதில் அடக்கம். ஆண்டுதோறும் கொடுக்கும் தொகை, சங்கேதப் பெயர்களில் கணக்கு.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பணம் பெரும்பாலும் பாக்கியாகவே கிடந்தது. வாக்குக் கொடுத்த தொகை மாட்ரிட்டிலிருந்து வந்து சேராமல், இவர் சாக்குச் சொல்லிக்கொண்டே நாள் கடத்த வேண்டியிருந்தது. இரண்டாவது, மாட்ரிட்டில் இருந்த ஆங்கிலேயத் தூதர் ஜான் டிக்பி அந்தப் பட்டியலின் மர்மத்தை உடைத்து ஜேம்ஸுக்குத் தெரியப்படுத்திவிட்டார். இவர் லண்டனிலிருந்து அனுப்பிய அறிக்கைகளின் நகல்களே டிக்பியின் கைக்குப் போயிருக்கின்றன. ஜேம்ஸ் ஆத்திரப்பட்டு யாரையும் தூக்கில் போடவில்லை. அந்தக் காலத்து அரசவைகளில் பணம் வாங்குவது அவ்வளவு சகஜம். சிலர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அரசர்களிடம் வாங்கினார்கள். எனவே, காசு கொடுத்ததால் காரியம் நடந்தது என்பதை விட, தகவல் கிடைத்தது என்பதுதான் சரி.

வால்டர் ராலேயின் தலையை வாங்கியது இவர்தானா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

புகழ் பெற்ற ஆங்கிலேயக் கடலோடியான ராலேக்கு 1603-லேயே, ஜேம்ஸுக்கு எதிரான சதியில் பங்கு என்று மரண தண்டனை விதிக்கப்பட்டது. நிறைவேற்றாமல் லண்டன் கோபுரச் சிறையில் வைத்திருந்தார்கள். 1616-இல், தென்னமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றங்கரையில் தங்கச் சுரங்கம் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தார். அந்தப் பகுதி தங்களுடையது என்று ஸ்பெயின் உரிமை கொண்டாடியது. கொண்டோமார் ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார். ஸ்பானியர் யாருக்கும் தீங்கு செய்ய மாட்டார், செய்தால் தலை போகும் என்று ஜேம்ஸ் உறுதி கொடுத்தார். ராலேயின் கப்பல்கள், போகும் வழி பற்றிய விவரங்கள்கூட ஸ்பெயினின் கைக்குப் போய்விட்டன.

1618 ஜனவரியில் ராலேயின் ஆட்கள் ஆற்றின் மேலே சென்று சான் தோமே என்ற ஸ்பானியக் குடியிருப்பைத் தாக்கினார்கள். ராலே காய்ச்சலோடு கடற்கரைப் பக்கமே தங்கியிருந்தார். தாக்குதலில் அவருடைய மகன் செத்தான். ஸ்பானிய ஆளுநர் தியேகோ பலோமேக்கெ தெ அகூன்யாவும் கொல்லப்பட்டார். அவர் கொண்டோமாருக்கு உறவு என்று சொல்லப்படுகிறது. தங்கம் கிடைக்கவில்லை. படைக்குத் தலைமை தாங்கிய கெய்மிஸ் தற்கொலை செய்துகொண்டார். ராலே வெறுங்கையோடு ஜூன் மாதம் பிளிமவுத் வந்து சேர்ந்தார்.

செய்தி கேட்டதும் கொண்டோமார் அரசரிடம் ஓடி, ஒரே ஒரு வார்த்தை சொல்ல அனுமதி கேட்டு, "கொள்ளையர்! கொள்ளையர்! கொள்ளையர்!" என்று கத்திவிட்டு வெளியேறினார் என்று ஒரு கதை சுற்றுகிறது. கதை எப்படியோ, அவர் கடுமையாக நெருக்கியது நிஜம். மாட்ரிட்டில் தூக்கில் போடுவதென்றால் ஆளை ஒப்படைக்கிறேன் என்கிற அளவுக்கு ஜேம்ஸ் இறங்கி வந்தார். நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று மாட்ரிட் பதில் சொல்லிவிட்டது.

1618 அக்டோபர் 29 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் ராலேயின் தலை வெட்டப்பட்டது. சட்டப்படி, 1603 தீர்ப்புதான் நிறைவேற்றப்பட்டது. அன்று கொண்டோமார் லண்டனிலேயே இல்லை, ஜூலை மாதமே ஸ்பெயினுக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் ஊரார் அதையெல்லாம் பார்க்கவில்லை. ராலே மேடையில் துணிச்சலாக நின்று செத்தார், அதோடு பழி முழுவதும் ஸ்பானியத் தூதர் தலையில் விழுந்தது.

என் கருத்து இது. கொண்டோமார் இல்லாவிட்டாலும் ஸ்பெயின் கேட்டிருக்கும். ஆனால் ஜேம்ஸ் முன்கூட்டியே வாக்குக் கொடுக்கும்படி செய்து, பிறகு அந்த வாக்கைச் சொல்லியே மடக்கியது இவருடைய வேலைதான். தலையைக் கொடுத்த பொறுப்பு ஜேம்ஸுடையது.

லண்டன் மக்கள் அவரை எந்த அளவுக்கு வெறுத்தார்கள்?

கல்லெறியும் அளவுக்கு. 1618 ஜூலையில், தூதரகத்தைச் சேர்ந்த ஒருவர் குதிரையில் போகும்போது தெருவில் ஒரு குழந்தையை இடித்துத் தள்ளிவிட்டார். கூட்டம் அவரைத் துரத்திக்கொண்டே பார்பிக்கன் பகுதியில் இருந்த தூதரக வீடு வரை வந்து, சன்னல்களை உடைத்தது. அரசு தலையிட்டுத்தான் அடக்க முடிந்தது.

1621 ஏப்ரலில் நடந்தது இன்னும் மோசம். கொண்டோமாருக்குப் பவுத்திர நோய். உட்காருவதே வேதனை என்பதால் பல்லக்கில்தான் போவார். ஒரு நாள் ஃபென்சர்ச் தெருவில் பல்லக்கு போகும்போது, அங்கே நின்ற தொழில் பழகும் பையன்களில் ஒருவன், "அதோ, சாணி வண்டியில் சாத்தான் போகிறான்" என்று கத்தினான். பல்லக்கோடு வந்த ஆள், "இந்தக் கேலிக்குச் சீக்கிரம் பிரைட்வெல் சிறையைப் பார்ப்பாய்" என்று மிரட்ட, "உன்னைப் போன்ற நாய்க்காக நாங்கள் சிறைக்குப் போவதா?" என்று பையன்கள் அவனை அடித்துக் கீழே தள்ளினார்கள்.

தூதர் புகார் கொடுத்தார். வண்டிக்குப் பின்னால் கட்டித் தெருவெல்லாம் சாட்டையால் அடிக்கும்படி தண்டனை. டெம்பிள் பார் அருகே சுமார் 300 பேர் கூடி, பையன்களைக் காவலர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். விஷயம் அரசர் காதுக்குப் போனதும், ஜேம்ஸே கில்டுஹாலுக்கு வந்து, ஊரை அடக்க முடியாவிட்டால் நகரத்தின் உரிமைகளைப் பறித்துப் படையைக் கொண்டுவந்து நிறுத்துவேன் என்று மாநகரத் தலைவர்களை எச்சரித்தார். தண்டனை மறுபடி நிறைவேற்றப்பட்டது. ஒரு பையன் அதில் இறந்துபோனதாக அப்போதைய கடிதங்கள் சொல்கின்றன. இதைப் படிக்கும்போது எனக்குத் தூதர் மீது கோபம் வரத்தான் செய்கிறது. தன் அரசரின் மானம் காக்கப்பட வேண்டும் என்று அவர் நினைத்தது புரிகிறது. ஆனால் ஒரு வாய்ப்பேச்சுக்கு அந்தப் பையன்கள் கொடுத்த விலை பெரியது.

அச்சில் அவரைத் தாக்கி எழுதினார்களாமே?

ஆமாம். 1620-இல் தாமஸ் ஸ்காட் என்ற புராட்டஸ்டன்ட் போதகர், பெயர் போடாமல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கொண்டோமார் மாட்ரிட் திரும்பி, இங்கிலாந்தை எப்படியெல்லாம் ஏமாற்றினேன் என்று அரசவையில் விவரிப்பதைப் போல எழுதியிருந்தார். முழுக்க கற்பனை. ஆனால் பலர் உண்மையான ரகசிய அறிக்கை என்றே நம்பினார்கள். எழுதியவர் யார் என்று தெரிந்ததும் ஸ்காட் ஹாலந்துக்கு ஓட வேண்டியதாயிற்று. இன்று வரை நீடிக்கும் "சூழ்ச்சிக்கார கொண்டோமார்" படத்தைத் தீட்டியவர்களில் முதலாமவர் அவர்தான்.

இங்கிலாந்தில் இருந்த கத்தோலிக்கர்களுக்கு இவர் ஏதாவது செய்தாரா?

நிறைய. கத்தோலிக்கப் பூசை அங்கே சட்ட விரோதம். தூதரக வீட்டுக்குள் இருந்த சிற்றாலயத்தில் மட்டும் அது நடக்கலாம், அதனால் லண்டன் கத்தோலிக்கர்கள் அங்கே வருவார்கள். சிறையில் இருந்த குருக்களை விடுவிக்க இவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1618-இல் ஊர் திரும்பும்போது பல குருக்களைச் சிறையிலிருந்து மீட்டுக் கூட்டிச் சென்றார்.

லூயிசா தெ கர்வஹால் என்ற ஸ்பானியப் பெண்மணியின் கதையையும் சொல்ல வேண்டும். பிரபு குடும்பத்தில் பிறந்தும் எல்லாவற்றையும் துறந்து, 1605-இல் தானாகவே லண்டன் வந்து, சிறைப்பட்ட கத்தோலிக்கர்களுக்கு உதவிக்கொண்டிருந்தார். 1613 இலையுதிர் காலத்தில் அவரைக் கைது செய்தார்கள். வந்து சில மாதங்களே ஆகியிருந்த கொண்டோமார் போராடி வெளியே கொண்டுவந்தார். உடல் நலிந்திருந்த லூயிசா சில வாரங்களில், 1614 ஜனவரியில், தூதரின் வீட்டிலேயே உயிர் நீத்தார்.

இளவரசர் சார்லஸுக்கும் ஸ்பானிய இளவரசிக்கும் கல்யாணம் பேசியது ஏன்?

ஜேம்ஸுக்குக் காசு வேண்டும், ஐரோப்பாவில் சமாதானம் செய்து வைத்தவர் என்ற பெயரும் வேண்டும். ஸ்பெயின் இளவரசி மருமகளானால் 5 லட்சம் பவுனுக்குக் குறையாத சீதனம் வரும், பார்லிமென்ட்டிடம் கை நீட்ட வேண்டியதில்லை. ஸ்பெயினுக்கோ, பேச்சுவார்த்தை நடக்கும் வரை இங்கிலாந்து எதிரணியில் சேராது. கல்யாணம் நடந்தால் கத்தோலிக்கர்களுக்கு எதிரான சட்டங்களும் தளரும்.

பேச்சு நீள நீள ஸ்பெயினுக்கு லாபம். கொண்டோமார் அதை நன்றாகவே இழுத்தார். ஆனால் நடுவில் ஐரோப்பாவே பற்றிக்கொண்டது. ஜேம்ஸின் மருமகன், ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியை ஆண்ட ஃபிரெடரிக், 1619-இல் பொஹீமிய முடியை ஏற்றார். 1620 நவம்பரில் வெள்ளை மலைப் போரில் தோற்று அதை இழந்தார். அதே ஆண்டு ஸ்பினோலாவின் தலைமையில் ஸ்பானியப் படை அவருடைய சொந்த மண்ணுக்குள்ளும் நுழைந்தது. மகளும் மருமகனும் அகதிகளாக நிற்க, ஜேம்ஸ் அதே ஸ்பெயினோடு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். மக்கள் கொதித்தது இதற்குத்தான்.

1621 பார்லிமென்ட் கலைந்ததற்கு இவர் காரணமா?

பங்கு உண்டு. டிசம்பரில் காமன்ஸ் சபை, ஸ்பெயினுக்கு எதிராகப் போர் வேண்டும், இளவரசருக்குப் புராட்டஸ்டன்ட் பெண் பார்க்க வேண்டும் என்று மனு எழுதியது. கொண்டோமார் அரசருக்குக் கடுமையாக எழுதினார், இந்த அவமதிப்பை அடக்காவிட்டால் நான் இங்கே இருக்க முடியாது என்கிற தொனியில். ஆனால் ஜேம்ஸின் கோபத்துக்குத் தூண்டுதல் தேவைப்படவில்லை. வெளிநாட்டு விவகாரமும் மகன் கல்யாணமும் தன் தனி உரிமை என்பது அவர் கொள்கை. பேசுவது எங்கள் பிறப்புரிமை என்று காமன்ஸ் பதிவு செய்துகொண்ட குறிப்பை, பதிவேட்டை வரவழைத்து, தன் கையாலேயே கிழித்தார். பிறகு சபை கலைக்கப்பட்டது.

லூதர் போதிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஸ்பெயினுக்கும் கத்தோலிக்க மதத்துக்கும் இவ்வளவு நல்லது நடந்ததில்லை என்று கொண்டோமார் ஊருக்கு எழுதினார். சபை இல்லையென்றால் வரி இல்லை, வரி இல்லையென்றால் போர் இல்லை. அந்தக் கணக்கு சரிதான்.

இளவரசர் வேஷம் போட்டு மாட்ரிட் போனது நிஜமா?

நிஜம். 1622-இல் கொண்டோமார் விடைபெறும் முன்பே, நீங்கள் சரி என்றால் இரண்டே ஆட்களோடு ரகசியமாக வந்துவிடுகிறேன் என்று சார்லஸ் அவரிடம் சொல்லியிருந்தார். 1623 பிப்ரவரியில், ஜேம்ஸின் செல்லப் பிரபுவான பக்கிங்ஹாமோடு, ஒட்டுத் தாடி வைத்து, தாமஸ் ஸ்மித், ஜான் ஸ்மித் என்று பெயர் சொல்லி, பிரான்ஸ் வழியாகக் குதிரையில் கிளம்பிவிட்டார். மார்ச் 7 இரவு மாட்ரிட்டில் டிக்பியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

சேதி தெரிந்ததும் கொண்டோமார் முதலமைச்சர் ஒலிவாரெஸிடம் போனார். முகமெல்லாம் சிரிப்பைப் பார்த்து, "என்ன, இங்கிலாந்து அரசரே மாட்ரிட் வந்துவிட்டதைப் போல இருக்கிறீர்?" என்று அவர் கேட்க, "அரசர் வரவில்லை, இளவரசர் வந்திருக்கிறார்" என்றாராம்.

ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. இளவரசர் நேரில் வந்ததால், மதம் மாறத்தான் வந்திருக்கிறார் என்று ஸ்பானியர்கள் நினைத்துக்கொண்டு நிபந்தனைகளைக் கூட்டினார்கள். இனி இழுத்தடிக்கவும் வழியில்லை. இளவரசி மரியா அன்னாவுக்கோ இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. தோட்டத்துச் சுவர் ஏறிக் குதித்து சார்லஸ் பேச வந்தபோது, அவர் அலறியடித்து ஓடிவிட்டார். அக்டோபரில் சார்லஸ் தனியாக நாடு திரும்பினார். லண்டன் முழுக்கத் தீ மூட்டிக் கொண்டாடினார்கள். 1625-இல் இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. பத்து வருடம் தள்ளிப்போட்டது வந்தே விட்டது.

அவரை வைத்து நாடகம் போட்டார்களாமே?

1624 ஆகஸ்டில், குளோப் அரங்கில். தாமஸ் மிடில்டன் எழுதிய சதுரங்க நாடகம். கறுப்புக் குதிரை வீரன் என்ற பாத்திரம் கொண்டோமார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் போட்டுக் கழித்த உடுப்பு ஒன்றையும், அவருடைய பல்லக்கையும் நடிகர்கள் எங்கிருந்தோ வாங்கி மேடையேற்றினார்கள். ஞாயிறு தவிர்த்து ஒன்பது நாள் தொடர்ந்து நடந்தது. மிகக் குறைவாக வந்த நாளிலேயே 3,000 பேருக்கு மேல் இருந்தார்கள் என்று அப்போதைய ஸ்பானியத் தூதர் கார்லோஸ் கொலோமா எழுதினார். அவர் புகார் செய்த பிறகு நாடகம் நிறுத்தப்பட்டது.

ஸ்பெயினின் நிலை பற்றி அவரே என்ன நினைத்தார்?

எனக்கு மிகவும் பிடித்த கொண்டோமார் இங்கேதான் இருக்கிறார். லண்டனில் தலை நிமிர்ந்து நடந்தவர், சொந்த நாட்டுக்கு எழுதும்போது ஒளிவு மறைவு வைக்கவில்லை. 1619-இல், ஊர்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன, வறுமை தாண்டவமாடுகிறது, ஐரோப்பாவின் எந்தப் பாழ் நிலத்தை விடவும் ஸ்பெயினில் பயணம் செய்வது கஷ்டம், படுக்கையில்லை, சத்திரமில்லை, சாப்பாடில்லை என்று வெளிநாட்டார் சொல்கிறார்கள் என்ற பொருளில் எழுதினார். கடலை ஆள்பவனே நிலத்தையும் ஆள்வான், கப்பலில் காசு போடுங்கள் என்பது அவர் ஓயாமல் சொன்ன யோசனை.

லண்டன்காரர்கள் அவரிடம் பார்த்தது ஒரு பேரரசின் ஆணவத்தை. அவருக்கோ தன் கையில் இருப்பது பலவீனமான சீட்டு என்று தெரியும். அதை யாருக்கும் தெரியாமல் ஆடியதுதான் அவர் திறமை.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

1623-இல் அரசு ஆலோசனைச் சபையில் இடம் கிடைத்தது. ஆனால் நான்காம் பிலிப்பின் ஆட்சியில் எல்லாம் ஒலிவாரெஸின் கை. இவருடைய சொல் முன்பு போல ஏறவில்லை. நோயும் வாட்டியது. 1626 அக்டோபர் 2 அன்று, ஆரோ நகரத்துக்கு அருகில் உள்ள காசலரெய்னாவில் காலமானார்.

அவருடைய புத்தகங்கள், கடிதங்கள் இன்றும் இருக்கின்றனவா?

இருக்கின்றன. 1599-இல் அவர் வயதோலித்தில் வாங்கிய மாளிகைக்கு, முகப்பின் உச்சியில் உள்ள சூரியச் சிற்பத்தால், சூரிய வீடு என்றே பெயர். ஆயிரக்கணக்கான நூல்களை அங்கே சேர்த்தார். லண்டனில் இருந்தபோதும் ஆங்கில நூல்களை வாங்கிக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்து ஸ்பெயினில் தனி மனிதர் ஒருவர் சேர்த்த மிகப் பெரிய நூலகங்களில் இது ஒன்று. 1623-இல் அதற்குப் பட்டியலும் தயாரானது. நான்காம் கார்லோஸ் அரசர் காலத்தில் அரண்மனைக்காக வாங்கப்பட்டு, இப்போது மாட்ரிட் அரச நூலகத்தில் இருக்கிறது. அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமான ஆயிரக்கணக்கான கடிதங்களின் பெரும்பகுதியும் அங்கேயே உள்ளது. சூரிய வீடு இன்று வயதோலித்தின் தேசிய சிற்ப அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. அந்த ஊருக்குப் போகிறவர்கள் நேரில் பார்க்கலாம்.